மனிதர் விழும்வரை காத்திருக்கும் மருத்துவம்

ஓர் ஊரில் கோழிகள் கூட்டமாகச் செத்தால் அது கோழி வளர்ப்பவரின் நஷ்டம். ஆடுகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாகக் கரு கலைந்தால் அது பண்ணைக்காரரின் கவலை. அதே ஊரில் நான்கு பேர் காய்ச்சலில் படுத்து அவர்களில் ஒருவர் இறந்த பிறகுதான் ‘மர்மக் காய்ச்சல்’ என்று செய்தித்தாளில் தலைப்பு வருகிறது, மருத்துவக் குழு வந்து இறங்குகிறது. இந்த வரிசை நமக்கு இயல்பாகப் பழகிவிட்டது. இதன் அடியில் எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்ட ஒரு கருத்து இருக்கிறது. மனித உயிரைக் காப்பது மனித மருத்துவத்தின் வேலை. கால்நடை மருத்துவம் பாலுக்கும் இறைச்சிக்கும் விவசாயியின் வருமானத்துக்கும் உரிய சேவை. முன்னதற்குச் செலவிட்டு மிச்சமிருந்தால் பின்னதற்குக் கொடுக்கலாம் என்பதே அது. கெட்ட எண்ணத்தில் யாரும் இதைச் சொல்வதில்லை. அரசு மருத்துவமனையில் படுக்கை கிடைக்காமல் தரையில் நோயாளி கிடக்கும் நாட்டில் மாட்டு டாக்டருக்கும் மாட்டாஸ்பத்திரிக்கும் எதற்கு இவ்வளவு பணம் என்ற கேள்வியில் நியாயமான ஒரு பதற்றம் இருக்கிறது. ஆனால் இந்தக் கருத்து தவறானது. தரையில் கிடக்கும் நோயாளிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதே இதுதான்.

கணக்கிலிருந்து தொடங்கலாம். மனிதருக்கு நோய் தருபவை என்று அதுவரை அறியப்பட்டிருந்த நுண்ணுயிரிகள் முதல் புழுக்கள் வரை அனைத்தையும் 2001-இல் எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பட்டியலிட்டார்கள். மொத்தம் 1,415. அவற்றில் 61 விழுக்காடு விலங்குகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றக்கூடியவை. புதிதாகத் தலைதூக்கும் நோய்களை மட்டும் எடுத்துக்கொண்டால் இந்தப் பங்கு 75 விழுக்காடாக உயர்கிறது. ஆகவே நாம் ‘புதிய நோய்’ என்று அழைப்பது பெரும்பாலும் புதியதல்ல. வௌவாலிடமோ காட்டுப் பறவையிடமோ நெடுங்காலம் இருந்து, பன்றியிடமோ கோழியிடமோ பெருகி, அதன் பிறகு மனிதரிடம் வந்து சேர்ந்த நோய் அது. மருத்துவமனைக்குள் அது நுழையும்போது அதன் கதை பாதிக்கு மேல் நடந்து முடிந்திருக்கும். அந்த முற்பாதியைப் பார்க்கப் பயிற்சி பெற்றவர், பார்க்கும் இடத்தில் நிற்பவர் கால்நடை மருத்துவர் ஒருவரே. அவரைக் கடைசி வரிசையில் உட்கார வைத்துவிட்டு, நோய் திடீரென்று வந்துவிட்டது என்று நாம் சொல்கிறோம். நமக்குத்தான் அது திடீர்.

1999-இல் நியூயார்க்கில் நடந்தது இதை அப்பட்டமாகக் காட்டுகிறது. உலகிலேயே வசதி மிகுந்த சுகாதார அமைப்புகளில் ஒன்று இருந்த நகரம் அது. ஆகஸ்ட் இறுதியில் குவீன்ஸ் பகுதியின் மருத்துவமனை ஒன்றில் முதியவர்கள் சிலர் மூளைக்காய்ச்சலோடு சேர்ந்தார்கள். கை கால் தளர்ந்திருந்த அவர்களைப் பார்த்துச் சந்தேகம் கொண்ட மருத்துவர் நகரச் சுகாதாரத் துறைக்கு உடனே தகவல் கொடுத்தார். அதுவரை எல்லாம் சரியாகவே நடந்தது. ரத்த மாதிரிகளைச் சோதித்த நாட்டின் தலைமை நோய்த்தடுப்பு மையம், அது கொசுவால் பரவும் செயின்ட் லூயிஸ் மூளைக்காய்ச்சல் என்று அறிவித்தது. ஆனால் அந்தக் கோடை முழுவதும் நகரத்தில் காகங்கள் விழுந்து செத்துக்கொண்டிருந்தன. பிரான்க்ஸ் விலங்குக்காட்சி சாலையில் பூநாரைகள் இறந்தன. அங்கே நோய்க்கூறியல் நிபுணராக இருந்த கால்நடை மருத்துவர் டிரேசி மெக்னமாரா, இறந்த பறவைகளை அறுத்துப் பார்த்தபோது மூளையில் ரத்தக் கசிவையும் இதயத் தசையில் சிதைவையும் கண்டார். செயின்ட் லூயிஸ் நோய் பறவைகளைக் கொல்வதில்லை. குதிரைகளைத் தாக்கும் இன்னொரு மூளைக்காய்ச்சலாக இருந்தால் ஈமு பறவைகள் முதலில் விழுந்திருக்கும். அவையோ நலமாக நடமாடிக்கொண்டிருந்தன. அப்படியானால் இது வேறு ஏதோ ஒன்று. மனிதர் நோயும் பறவை நோயும் ஒன்றாகவே இருக்கலாம். ஒரு கால்நடை மருத்துவரின் இந்தத் தர்க்கத்துக்குச் செவி கிடைக்கப் பல நாட்கள் ஆயின. மனித நோய் மையம் பறவை மாதிரிகளில் ஆர்வம் காட்டாததால் அவர் கால்நடைத் துறை ஆய்வகத்தையும் ராணுவ ஆய்வகத்தையும் நாடினார். செப்டம்பர் இறுதியில்தான் உண்மை வெளிவந்தது. அமெரிக்கக் கண்டம் அதுவரை கண்டிராத வெஸ்ட் நைல் வைரஸ் அது. அந்த ஆண்டு 62 பேர் கடுமையாக நோயுற்று 7 பேர் இறந்தார்கள். சில ஆண்டுகளில் அந்த வைரஸ் மேற்குக் கடற்கரை வரை பரவி நிலைத்துவிட்டது.

இரண்டு நோயும் கொசுவால் பரவுபவைதானே, எப்படியும் கொசு மருந்துதானே அடித்திருப்பார்கள், பெயர் மாறியதால் என்ன கெட்டுப்போனது என்று கேட்கலாம். கேள்வி சரியானதே. கொசு ஒழிப்பு தவறான பெயரில் நடந்தாலும் பயன் தந்தது. ஆனால் அந்த ஒழிப்பு தொடங்கியது செப்டம்பரில். காகங்கள் விழத் தொடங்கியது கோடையின் தொடக்கத்திலேயே. மனித மருத்துவமனையை எச்சரிக்கை மணியாக வைத்திருந்த நகரம், இறந்த காகத்தை எச்சரிக்கை மணியாக வைத்திருந்தால் வாரக்கணக்கில் முந்தியிருக்கும். அந்த வாரங்களுக்குள்தான் முதியவர்களைக் கொசுக்கள் கடித்தன. பின்னாளில் அமெரிக்க மாநிலங்கள் இறந்த காகங்களை எண்ணவும் சோதிக்கவும் ஏற்பாடு செய்ததிலிருந்து அந்தப் பாடம் கற்கப்பட்டது தெரிகிறது. அதைக் கற்க மனித உயிர் விலையாகியிருக்க வேண்டியதில்லை.

பெயர் தவறினால் கைகளே தவறான இடத்துக்குப் போகும் என்பதை மலேசியா அதே காலத்தில் கண்டது. 1998 செப்டம்பரில் ஈப்போவைச் சுற்றிய பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள் மூளைக்காய்ச்சலில் விழத் தொடங்கினார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு செய்யப்பட்டது. புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை. அதன் ஒவ்வொரு கூறும் அந்த முடிவுக்கு எதிராகவே பேசியது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்கள் பன்றியைக் கையால் தொட்டு வேலை செய்த வளர்ந்த ஆண்கள். கொசு எல்லோரையும் கடிக்கும். இங்கே பண்ணைக்கு அருகில் குடியிருந்தும் பன்றியை அண்டாதவர்கள் தப்பினார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வந்த வளர்ந்த பன்றி பெரும்பாலும் நோய்க்குறி காட்டாது. இங்கே பன்றிகள் நாய் குரைப்பது போன்ற உரத்த இருமலோடு மூச்சிரைத்துச் செத்தன. அந்த இருமல் ஒரு மைல் தூரம் கேட்கும் என்று பேசிக்கொள்ளும் அளவுக்கு இருந்தது. மனிதரைப் படித்தவர்களும் பன்றியைப் படித்தவர்களும் ஒரே மேசையில் முதல் மாதமே உட்கார்ந்திருந்தால் இந்த முரண்கள் அங்கேயே மோதியிருக்கும். 1999 மார்ச்சில் மலாயா பல்கலைக்கழகத்தின் சுவா காவ் பிங் ஒரு நோயாளியிடமிருந்து புதிய வைரஸைப் பிரித்தெடுத்த பிறகே பாதை மாறியது. அதற்குள், நஷ்டத்துக்கு அஞ்சி விற்கப்பட்ட பன்றிகள் நோயை நெகிரி செம்பிலானுக்கும் அங்கிருந்து சிங்கப்பூரின் இறைச்சிக் கூடத்துக்கும் கொண்டுபோயிருந்தன. மலேசியாவில் 265 பேர் நோயுற்றார்கள், 105 பேர் இறந்தார்கள், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. அந்தப் புதிய வைரஸுக்கு இடப்பட்ட நிபா என்ற பெயர் அங்கிருந்த ஒரு கிராமத்தின் பெயரிலிருந்து வந்தது. வைரஸைக் கண்டுபிடித்தவர் மனித மருத்துவத் துறையைச் சேர்ந்தவர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஒரு துறை உயர்வு, மற்றது தாழ்வு என்பது என் வாதம் அல்ல. இரண்டுக்கும் இடையே சுவர் எழுப்பினால் இரண்டுமே குருடாகும் என்பதுதான்.

நடந்து முடிந்ததைத் திரும்பிப் பார்க்கும்போது எல்லாம் தெளிவாகத்தான் தெரியும், அன்று இருந்தவர்களுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்று மறுப்பவர்கள் உண்டு. நெதர்லாந்தின் கதை அவர்களுக்குப் பதில். அங்கே 2005 முதல் பால் ஆட்டுப் பண்ணைகளில் கரு கலைவது அலையலையாக ஏற்பட்டது. காரணம் கியூ காய்ச்சல் என்பது கால்நடைத் துறைக்குத் தெரிந்தே இருந்தது. கலைந்த கருவோடும் நஞ்சுக்கொடியோடும் வெளியேறும் கிருமி காய்ந்து, தூசியாகிக் காற்றில் பறந்து கிலோமீட்டர் கணக்கில் போகும் என்பதும் அறிவியலுக்குப் புதிதல்ல. 2007-இல் சுற்றியிருந்த ஊர்களில் மனிதர்கள் நிமோனியாவில் விழுந்தார்கள். எந்தப் பண்ணையில் நோய் என்ற விவரம் விவசாயிகளின் அந்தரங்க உரிமை என்ற பெயரில் சுகாதாரத் தரப்புக்கு எளிதில் கிடைக்கவில்லை. 2009 இறுதியில்தான் சினை ஆடுகளைக் கொல்லும் முடிவு வந்தது. 50,000-க்கும் மேற்பட்ட ஆடுகள் கொல்லப்பட்டன. 2007 முதல் 2010 வரை 4,000-க்கும் அதிகமானோர் நோயுற்றதாகப் பதிவானது. பின்வந்த ஆண்டுகளில் நாள்பட்ட கியூ காய்ச்சலால் பலர் இறந்தார்கள். இங்கே அறிவு இருந்தது, ஆய்வகம் இருந்தது, பணமும் இருந்தது. ஆட்டின் கருச்சிதைவு விவசாயப் பிரச்சினை, மனிதரின் நிமோனியா சுகாதாரப் பிரச்சினை என்ற பிரிவினைதான் குற்றவாளி. நான் மறுக்கும் கருத்து ஓர் அரசின் நிர்வாக வரைபடமாக மாறினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

இனி பணத்துக்கு வருவோம். எதிர்த்தரப்பின் வலுவான வாதம் அதுதான். மனிதருக்கே போதாதபோது மாட்டுக்கா என்பது, இரண்டும் ஒரே பானையிலிருந்து எடுக்கும் இரண்டு அகப்பைகள் என்று நினைப்பதால் வரும் கேள்வி. வெறிநோயை எடுத்துக்கொள்ளுங்கள். உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் அதில் இறப்பதாக மதிப்பிடப்படுகிறது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்தியாவில். மனிதருக்குப் பரவும் வெறிநோயில் 99 விழுக்காடு நாய்வழியே வருகிறது. நோய்க்குறி தோன்றிவிட்டால் எந்த மருத்துவமனையும் காப்பாற்ற முடியாது. கடிபட்டவர்களுக்கு ஊசி போட்டுக்கொண்டே இருந்தால் அந்தச் செலவுக்கு முடிவே இல்லை. நாய்களிடையே நோய் அப்படியே இருக்கும். நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டு அதைத் தொடர்ந்து காத்தால் சங்கிலி அறுகிறது. மெக்சிகோ பல ஆண்டுகள் விடாமல் நாய்களுக்கு இலவசமாக ஊசி போட்டது. நாய்வழி வெறிநோயை ஒழித்த நாடு என்று 2019-இல் உலக சுகாதார நிறுவனம் அதை அறிவித்தது. அங்கே நாய்க்குச் செலவான பணம் மனிதருக்குச் செலவானதில்லையா? உலக வங்கி 2022-இல் போட்ட கணக்கும் இதே திசையில்தான். விலங்கு, மனிதர், சூழல் மூன்றையும் சேர்த்துக் காக்கும் தடுப்பு ஏற்பாட்டுக்கு ஆண்டுக்கு 1,030 முதல் 1,150 கோடி டாலர் வரை ஆகும். பெருந்தொற்றுகளைச் சமாளிக்க ஆகும் செலவு அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். தரையில் கிடக்கும் நோயாளிக்குப் படுக்கை வேண்டும் என்று வாதாடுபவர் முதலில் கேட்க வேண்டியது, அந்த நோயாளி அங்கே வராமல் தடுத்திருக்கக்கூடிய ஊசியைத்தான்.

கால்நடை மருத்துவம் உலக அளவில் என்ன சாதித்துவிட்டது என்று கேட்பவர்களுக்கு வெக்கை நோயின் வரலாறு தெரியாமலிருப்பது வியப்பல்ல. அதை யாரும் பள்ளியில் சொல்லித் தருவதில்லை. மனிதகுலம் பூமியிலிருந்து அடியோடு அழித்த நோய்கள் இரண்டு. பெரியம்மை எல்லோருக்கும் தெரியும். மற்றது மாடுகளைக் கொன்ற வெக்கை நோய். 2011-இல் அதன் ஒழிப்பு அறிவிக்கப்பட்டது. 1880-களின் இறுதியில் இந்த நோய் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் இறங்கியபோது மந்தை மந்தையாக மாடுகள் அழிந்தன. ஏர் பூட்ட எருதின்றி எத்தியோப்பியாவில் மூண்ட பஞ்சத்தில் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கினர் மாண்டதாகச் சொல்லப்படுகிறது. அவர்களில் ஒருவர் உடலிலும் அந்த வைரஸ் நுழையவில்லை. மாட்டின் நோய் மனிதரைக் கொல்ல அவரைத் தொற்றவே வேண்டியதில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. 1920-இல் இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து பிரேசிலுக்குப் போன மாடுகள் வழியில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் நின்றபோது நோய் ஐரோப்பாவில் மீண்டும் வெடித்தது. அந்த அதிர்ச்சியில்தான் 1924-இல் 28 நாடுகள் கூடிப் பாரிசில் உலக விலங்கு நல அமைப்பை நிறுவின. உலக சுகாதார நிறுவனம் பிறந்ததோ 1948-இல். நோய்க்கு எல்லைக்கோடு கிடையாது, மறைக்காமல் ஒருவருக்கொருவர் அறிவித்தால்தான் பிழைப்போம் என்பதை மாட்டு மருத்துவர்கள் அவ்வளவு முன்பே கற்றிருந்தார்கள். வால்டர் பிளௌரைட் கென்யாவில் உருவாக்கிய தடுப்பூசி, பின்னர் வெப்பத்தைத் தாங்கும்படி மேம்படுத்தப்பட்டது. ஐஸ்பெட்டி போகாத வறண்ட நிலங்களுக்கு அதை மாடு மேய்ப்பவர்களே சுமந்துபோய்த் தங்கள் மந்தைக்குப் போட்டார்கள். நோயின் முதல் அடையாளத்தை எந்த ஆய்வகத்துக்கும் முன்னால் அறிந்தவர்களும் அவர்களே. இந்தியாவில் கடைசியாக இந்நோய் தென்பட்டது 1995-இல், தமிழ்நாட்டின் வட ஆற்காட்டுப் பகுதியில். அந்த வெற்றிக்குப் பின்னால் ஊர் ஊராகப் போய் மாட்டைக் கட்டிப்பிடித்து ஊசி போட்ட ஆயிரக்கணக்கான கால்நடை மருத்துவர்களும் உதவியாளர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு எந்த ஊரிலும் சிலை இல்லை.

வேறு சிலர் குறுக்குவழி ஒன்றைச் சொல்கிறார்கள். நோய் விலங்கிடமிருந்து வருகிறது என்றால் அந்த விலங்கைக் கொன்றுவிடுங்கள், இதற்கு மருத்துவர் எதற்கு, துப்பாக்கி போதாதா என்கிறார்கள். உகாண்டாவின் கிட்டாகா சுரங்கத்தில் இதைச் செய்து பார்த்தார்கள். 2007-இல் அங்கே தொழிலாளர்களுக்கு மார்பர்க் நோய் தொற்றியதும், அங்கிருந்த பழந்தின்னி வௌவால்களை அழித்தார்கள். சில ஆண்டுகளில் புதிய வௌவால்கள் வந்து குடியேறின. அவற்றில் வைரஸ் சுமந்தவற்றின் விகிதம் முன்பிருந்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. 2012-இல் அருகிலிருந்த இபாண்டா நகரம் நோயால் தாக்கப்பட்டது. பண்ணை விலங்குகளைப் பொறுத்தவரை கொல்வது சில நேரம் தவிர்க்க முடியாதது என்பதை ஒப்புக்கொள்கிறேன். 1997-இல் ஹாங்காங்கில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் 18 பேரைத் தாக்கி 6 பேரைக் கொன்றபோது, அந்த நகரம் தன் கோழிகள் அனைத்தையும் சில நாட்களில் அழித்தது. மனிதருக்குத் தொற்றுவது நின்றது. ஆனால் அதோடு அவர்கள் ஓய்ந்துவிடவில்லை. சந்தைகளுக்கு மாதந்தோறும் ஓய்வுநாள் விட்டுக் கழுவிச் சுத்தம் செய்வது, வாத்தையும் கோழியையும் பிரித்து வைப்பது, தடுப்பூசி, தொடர் பரிசோதனை என்று கால்நடை மருத்துவர்கள் சலிக்காமல் கட்டிய ஏற்பாடே அந்த நகரத்தைக் காத்தது. இழப்பீடு இல்லாமல் கொல்வோம் என்று மிரட்டும் அரசுக்கோ, விவசாயி நோயை மறைப்பதும் இரவோடு இரவாக மிருகத்தை விற்பதும்தான் பதிலாகக் கிடைக்கும். மலேசியாவில் நோய் பரவிய வழியும் அந்த விற்பனைதான்.

இன்னொரு எதிர்வாதத்தில் உண்மை இருக்கிறது. அதை மழுப்பக் கூடாது. காட்டு விலங்குகளில் வைரஸ்களைத் தேடித் தேடிப் பட்டியலிட்டு அடுத்த பெருந்தொற்றை முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று அமெரிக்க உதவியோடு 2009 முதல் ஒரு பெரிய திட்டம் நடந்தது. ஏறத்தாழ 20 கோடி டாலர் செலவானது, நூற்றுக்கணக்கான புதிய வைரஸ்கள் கிடைத்தன, கோவிட் பற்றி யாருக்கும் எச்சரிக்கை கிடைக்கவில்லை. எந்த வைரஸ் எப்போது தாவும் என்று ஜோசியம் சொல்வது அறிவியலால் இன்று ஆகாத காரியம். ஆனால் நான் கேட்பது ஜோசியம் அல்ல. கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் 1957-இல் குரங்குகள் செத்து விழுந்ததை வைத்தே குரங்குக் காய்ச்சல் அடையாளம் காணப்பட்டது. இன்றும் அந்த மலைநாட்டில் ஒரு குரங்கு செத்தால் சுகாதாரப் பணியாளருக்குத் தகவல் போகிறது. நடந்ததை நடந்த அன்றே பார்ப்பதற்கு வேண்டியவை, விலங்கு சாவதைக் கவனிக்க ஒரு மனிதர், அதை அறுத்துப் பார்க்க ஒரு நிபுணர், சோதிக்க ஓர் ஆய்வகம், முடிவைக் கேட்க ஒரு சுகாதார அதிகாரி. இவ்வளவுதான். இதில் பளபளப்பு இல்லை, அதனாலேயே இதற்குப் பணம் வருவதில்லை.

கால்நடை மருத்துவமே கேடு செய்ததில்லையா என்று ஒருவர் கேட்டால், செய்திருக்கிறது என்று சொல்லும் நேர்மை வேண்டும். மாட்டின் வலிக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக், அந்த மாட்டின் சடலத்தைத் தின்ற பாறு கழுகுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. இந்தியாவின் வெண்முதுகுப் பாறு கழுகுகள் 1990-களிலிருந்து 99 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்தன. சடலங்கள் அழுகின, நாய்கள் பெருகின, நீர்நிலைகள் கெட்டன. 2000 முதல் 2005 வரை ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் கூடுதல் மனித மரணங்களுக்கு இது வழிவகுத்திருக்கலாம் என்று 2024-இல் வெளியான பொருளியல் ஆய்வொன்று மதிப்பிடுகிறது. ஆனால் காரணத்தைக் கண்டுபிடித்ததும் இதே துறைதான். கால்நடை மருத்துவர் லிண்ட்சே ஓக்ஸ் பாகிஸ்தானில் இறந்த கழுகுகளை அறுத்துப் பார்த்து, சிறுநீரகத்தைச் சுற்றிப் படிந்திருந்த வெள்ளை யூரிக் அமிலத்திலிருந்து மருந்துக் கடைவரை தடம் பிடித்தார். 2006-இல் இந்தியா கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தது. மெலாக்ஸிகாம் மாற்றாக வந்தது. மோயாறு பள்ளத்தாக்கில் இன்று மிஞ்சிப் பறக்கும் கழுகுகளுக்கு அந்தத் தடை உயிர்ப்பிச்சை. ஒரு மாட்டுக்குப் போடும் ஊசி ஊரின் உடல்நலத்தையே மாற்றும் வல்லமை கொண்டது என்றால், அதைப் போடும் கையை இரண்டாம்தரமாக நடத்துவது எவ்வளவு பெரிய அலட்சியம்!

அந்த அலட்சியத்துக்கு இன்றும் முடிவில்லை. 2024-இன் தொடக்கத்தில் டெக்சஸ் மாநிலப் பால் பண்ணைகளில் மாடுகள் தீனி எடுக்காமல் நின்றன. கறவை சட்டென்று குறைந்தது. கறந்த பால் சீம்பால் போல மஞ்சளாகத் திரண்டு வந்தது. மாட்டுக்கு வரும் வழக்கமான நோய்களைச் சோதித்தும் எதுவும் பிடிபடவில்லை. அந்தப் பச்சைப் பாலைக் குடித்த பண்ணைப் பூனைகள் செத்ததைக் கவனித்த கால்நடை மருத்துவர்கள் மாதிரிகளை ஆய்வகத்துக்கு அனுப்பியதால்தான், கறவை மாடுகளில் அதுவரை யாரும் எதிர்பாராத எச்5என்1 மார்ச் மாதத்தில் வெளிச்சத்துக்கு வந்தது. பல வாரங்களாகப் பரவிவந்த அந்த வைரஸை முதலில் காட்டிக்கொடுத்தவர்கள், செத்த பூனையைப் பார்த்து இது ஏன் என்று கேட்டவர்கள். இந்தக் கேள்வியைக் கேட்கும் ஆட்கள் ஒவ்வொரு வட்டத்திலும் இருக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. காலியாகக் கிடக்கும் கால்நடை மருத்துவர் பணியிடங்களை நிரப்புவது, சடலப் பரிசோதனைக்கு அருகிலேயே ஆய்வகம் அமைப்பது, நோயைச் சொன்ன விவசாயிக்குத் தாமதமின்றி இழப்பீடு தருவது, விலங்குச் சாவு பற்றிய தகவல் அன்றே மாவட்டச் சுகாதார அதிகாரிக்குப் போகச் சட்டமாக்குவது என எல்லாமே செய்யக்கூடியவை. 2025 மே மாதம் உலக நாடுகள் ஏற்ற பெருந்தொற்று உடன்படிக்கை, விலங்கையும் மனிதரையும் சூழலையும் சேர்த்துப் பார்க்கும் கடமையை எழுத்தில் வைத்திருக்கிறது. எழுத்து கிராமத்துக்கு இறங்க வேண்டும். அடுத்த நோய் எங்கே தொடங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அதன் முதல் நோயாளி பெரும்பாலும் ஒரு மிருகமாகவே இருக்கும். அந்த நோயாளியைப் பார்க்க நம்மிடம் மருத்துவர் இருக்கிறாரா என்பதைப் பொறுத்தே இரண்டாம் நோயாளியின் உயிர் இருக்கிறது.